மூன்றாம் தீர்மானம்

ஜெலுத்தோங் சாலை, டயர்க்கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு, ஆராதனை முடிந்து பன்னிரண்டே கால்.
வாக்குரிமை உள்ளவர்கள் ஐம்பத்தேழு பேர்.
ஜெபித்துத் தொடங்கியவர் போதகர் எலியேசர்.
குறிப்பெழுதியது நான்.

ஒன்று, ஏர்கோன் பழுது.
இரண்டு, ஞானஸ்நானத் தொட்டியின் ஒழுக்கு:
கீழே லிம் மறுபடியும் வந்து
தன் கூரையில் படரும் ஈரத்தைக் கைப்பேசியில் காட்டினாராம்.
அதற்கு நாற்பது நிமிடம்.
மூன்று, கோலாலம்பூர்த் தலைமையகத்தின் கடிதம்.
எல்லாச் சபைகளும் கையெழுத்திட வேண்டிய ஒரே ஒரு பத்தி:
திருமணம் என்றால் என்ன,
யார் மேடையேறலாம், யார் கூடாது.

ஓபேத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.
அவன் கீபோர்டுக்குப் பின்னால் நின்று
ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான்,
எப்போதும் போல, சிக்கு விழாமல்.

டீக்கன் நேசமணி எழுந்தார்.
வேதம் தெளிவாய் இருக்கிறது, என்றார்.
மூன்று முறை சொன்னார். ஒருமுறை எழுதினேன்.

பொருளாளர் ஏசுவடியான் சொன்னார்:
அந்தப் பிள்ளை வாழும் வாழ்க்கையை நான் ஒத்துக்கொள்ளவில்லை.
ஆனால் பிஷப்பே வேண்டாமென்றுதானே
என் அப்பா இங்கே வந்து முழுகினார்?
இப்போது கோலாலம்பூரிலிருந்து தாள் வருகிறது,
ஒப்பம் போடு என்கிறது.
யார் இவர்கள்?

நர்ஸ் ரூபவதி உட்கார்ந்தபடியே கேட்டாள்:
அதே வசனத்தில் பணத்தாசைக்காரனும் இருக்கிறான்,
குடிகாரனும் இருக்கிறான்.
அவர்களுக்கும் ஒரு பத்தி வருமா?
பின்வரிசையில் ஒரு சிரிப்பு. உடனே இருமலாக மாறியது.

நேசமணி மறுபடி எழுந்தார்.
குரல் இறங்கியிருந்தது.
எட்டு மாதம் என் மனைவி படுக்கையில் கிடந்தாள், அம்மா.
மருந்து கேட்கவில்லை. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.
இந்த வரி பழசு, இந்த வரி வேண்டாம் என்று
நீங்கள் ஒவ்வொன்றாய் உருவ ஆரம்பித்தால்
அவள் பிடித்திருந்த வரி என்னவாகும்?

இதை நான் எழுதவில்லை.
எழுதத் தெரியவில்லை.

நேற்றிரவு என் மேசையில் இரண்டு மொழிபெயர்ப்பு,
பழையது, புதியது.
அதே அதிகாரம், அதே வசனம்,
இரண்டிலும் அந்த இடத்தில் வேறு வேறு சொல்.
கிரேக்கம் அறியேன்.
சுங்கத்துறையில் முப்பத்தோரு வருடம் படிவம் நிரப்பியவள்;
ஒரு சொல் மாறினால்
கப்பலே துறைமுகத்தில் நிற்கும் என்று மட்டும் தெரியும்.

இன்னொன்றும் தெரியும்.
தஞ்சோங் பூங்காவில், அலை கலங்கிய ஒரு காலையில்,
பதினான்கு வயது ஓபேத்தைத் தண்ணீரில் சாய்த்தார்கள்.
முழங்கை நனையவில்லையென்று யாரோ கரையிலிருந்து கத்த
இரண்டாம் முறையும் அமிழ்த்தினார்கள்.
துண்டோடு நின்றவள் நான்.
நடுங்கிக்கொண்டே கேட்டான்:
அக்கா, இப்ப முழுசா நனைஞ்சிட்டேனா?
முழுசா, என்றேன்.

கையெழுத்திடச் சம்மதம்: முப்பத்தொன்று.
சம்மதமில்லை: இருபத்திரண்டு. ஏசுவடியான் இதில்.
எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் மூன்று.
அதில் ஓபேத் ஒருவன்.
இரண்டு கையிலும் ஒயர்.

கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தாறு.
ஒன்று இடித்தது.
வரிசை வரிசையாய் மறுபடி எண்ணினேன்,
தூணுக்குப் பின்னால் உட்காரும் தவமணியையும் சேர்த்து.
ஐம்பத்தாறுதான்.
போதகர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.
அப்போதுதான் உறைத்தது.
என் கையில் பேனா இருந்தது.

மூன்றை நான்காகத் திருத்தினேன்.
திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்,
சுங்கத்துறைப் பழக்கம்.

அக்கா, ஃபேனை நிறுத்தட்டுமா, என்றான் ஓபேத்.
ம், என்றேன்.
படியிறங்கினான்.
டயர்க்கடை வாசலில் சின் வெய் மோட்டாரை நிறுத்தாமலே காத்திருந்தான்,
மடியில் இன்னொரு ஹெல்மெட்.
அடுத்த ஞாயிறு யார் வாசிப்பது என்று
கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

நிறைவு ஜெபம் செய்தவர் என்ற இடத்தில்
கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.
யாரோ ஜெபித்தார்கள்.
தொட்டி சொட்டிக்கொண்டிருந்ததில்
எனக்குக் கேட்கவில்லை.